சொட்டுக் கணக்கு



இன்று நான் பேசப்போகும் பொருள் உங்கள் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. சாமி அலமாரியிலோ, அடுக்களை ஜன்னலிலோ, பாட்டியின் தலையணைக்கு அடியிலோ ஒரு சின்னப் புட்டி. சிலர் வீட்டில் நீலகிரித் தைலம், சிலர் வீட்டில் சிங்கப்பூரிலிருந்து வந்த கோடாலித் தைலம், சிலர் வீட்டில் கிராம்பு எண்ணெய், அமிர்தாஞ்சன் டப்பா. மூக்கு அடைத்தால் அதைத் தேடுகிறோம், தலை வலித்தால் அதைத் தேடுகிறோம், பேருந்தில் மலை ஏறும்போது குமட்டினாலும் அதையே தேடுகிறோம்.

மருந்தியல் பாடம் நடத்தியே என் வாழ்நாளின் பெரும்பகுதி போயிற்று. அந்தப் படிப்பிலிருந்து உங்களிடம் நான் கொண்டுவந்திருக்கும் சேதி ஒன்றுதான். இந்த எண்ணெய்கள் மருந்து. மருந்து என்றால் அதற்கு அளவு உண்டு, வயது உண்டு, யாருக்கு ஆகாது என்ற விலக்கும் உண்டு. காய்ச்சல் மாத்திரையை அரையா முழுசா என்று கேட்டுக் கொடுக்கிற நாம், தைலத்தை மட்டும் கையில் கவிழ்த்துத் தேய்க்கிறோம். வாசனைப் பொருள்தானே, இலையிலிருந்து வந்ததுதானே என்கிற தைரியம். அந்தத் தைரியத்தைப் பற்றித்தான் பேச வேண்டும்.

முதலில் மரத்தைப் பார்ப்போம். யூகலிப்டஸ் மரத்தின் தாயகம் ஆஸ்திரேலியா. நீலகிரியில் நிறையக் காணப்படும் வகைக்கு டாஸ்மேனியாத் தீவும் அதை ஒட்டிய தென்கிழக்குக் கரையும் சொந்த ஊர். 1843-ல் சென்னைப் பீரங்கிப் படையைச் சேர்ந்த கேப்டன் காட்டன் என்பவர் வெலிங்டன் பக்கம் இதை நட்டதாகப் பதிவு இருக்கிறது. அப்போது யார் மனத்திலும் தைலம் இல்லை. மலைக்குக் குடிவந்த வெள்ளைக்காரர்களுக்கும் பட்டாளத்துக்கும் விறகு வேண்டியிருந்தது. சோலைக் காடுகள் வேகமாக அடுப்புக்குள் போய்க்கொண்டிருந்தன. சீக்கிரம் வளரும் மரம் ஒன்று தேவைப்பட்டது, இது வளர்ந்தது. அடுத்தடுத்த பத்தாண்டுகளில் தோட்டம் தோட்டமாகப் பரவியது. மலையின் புல்வெளிகளுக்கும் ஓடைகளுக்கும் இந்த மரம் செய்த கெடுதல் பெரிய கதை. அது எனக்கு வருத்தம் தரும் கதையும்கூட. அதற்கு வேறு ஒரு நாள் வேண்டும்.

தைலம் காய்ச்சும் தொழில் மரத்தின் தாயகமான ஆஸ்திரேலியாவில்தான் தொடங்கியது. விக்டோரியா மாநிலத்தில் 1852-ல் ஜோசப் பொசிஸ்டோ என்ற மருந்தாளுநர், தாவரவியலாளர் ஃபெர்டினாண்ட் வான் முல்லரின் ஊக்கத்தால், இலையைக் காய்ச்சி எண்ணெய் எடுத்து விற்க ஆரம்பித்தார். பிறகு அந்த வித்தை நீலகிரிக்கும் வந்தது. குன்னூர், உதகை சுற்றுவட்டாரத்தில் நடந்தவர்களுக்குத் தெரியும், தைலக் கொட்டகை இருக்கும் இடத்தைக் கண் காண்பதற்கு முன்பே மூக்கு கண்டுவிடும். உதிர்ந்த இலைகளைப் பெண்கள் கூட்டி அள்ளி மூட்டை கட்டி எடைபோட்டுத் தருவார்கள். பெரிய கொப்பரையில் இலையும் தண்ணீரும் இட்டு மூடி, அடியில் தீ. கிளம்பும் ஆவி ஒரு குழாய் வழியே குளிர்ந்த தண்ணீர்த் தொட்டிக்குள் போகிறது. அங்கே அது மறுபடி நீராகிறது. அந்த நீரின் மேல் எண்ணெய் தனியாக மிதக்கிறது. மிதப்பதை வடித்து எடுத்தால் தைலம். காய்ச்சி முடிந்த சக்கை இலை காய்ந்த பிறகு அதே அடுப்புக்கு எரிபொருள்.

இதே மலையில் இன்னொரு செடி உண்டு. கோல்தேரியா என்று பெயர், அதன் எண்ணெயைக் கடைகளில் விண்டர்கிரீன் தைலம் என்று விற்பார்கள். அதைக் காய்ச்சினால் எண்ணெய் மிதக்காது, தண்ணீருக்கு அடியில் போய்த் தங்கிவிடும். தண்ணீரைவிடக் கனமானது. கிராம்பு எண்ணெயும் அப்படியே. இரண்டையும் பிறகு பார்ப்போம். இப்போதைக்கு ஒன்றை மனத்தில் வையுங்கள்: ஆவியோடு கிளம்பி வருவது எல்லாம் ஒரே சரக்கு இல்லை. ஒவ்வொன்றுக்கும் உள்ளே இருக்கும் வேதிப்பொருள் வேறு, குணம் வேறு, ஆபத்து வேறு.

நம் சித்த மருத்துவத்தில் சொல்லும் தைலங்களை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே நல்லெண்ணெயிலோ வேறு எண்ணெயிலோ மூலிகைச் சாற்றையும், கல்கம் எனும் அரைத்த விழுதையும் சேர்த்துப் பதமாகக் காய்ச்சி இறக்குகிறார்கள். அதன் ஒரு சொட்டைக் காகிதத்தில் விட்டால் எண்ணெய்க் கறை அப்படியே நிற்கும். சுத்தமான நீலகிரித் தைலத்தின் சொட்டைக் காகிதத்தில் விட்டுப் பாருங்கள், சற்று நேரத்தில் காகிதம் பழையபடி ஆகிவிடும். கறை தங்கினால் யாரோ மலிவான எண்ணெயைக் கலந்திருக்கிறார்கள் என்று பொருள். பறந்துபோகும் குணம் உள்ள இந்த எண்ணெய், தோலுக்குள்ளும் மூச்சுக்குள்ளும் விரைவில் நுழையும் குணமும் உள்ளது.

இப்போது ஒரு கணக்கு போடுவோம். இலையிலிருந்து கிடைக்கும் எண்ணெய், மரத்தையும் பருவத்தையும் பொறுத்து எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று, நல்ல இலையாக இருந்தால் கொஞ்சம் கூடுதல். நூற்றுக்கு ஒன்று என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி தைலம் எடுக்க ஏறக்குறைய அரைக் கிலோ இலை வேண்டும். நம் பாட்டிமார் வேது பிடிக்க என்ன செய்தார்கள்? ஒரு கைப்பிடி நொச்சி இலையைக் கொதிக்கும் பானையில் போட்டார்கள். நொச்சியில் எண்ணெய் நூற்றுக்கு அரைகூடத் தேறாது. அந்தக் கைப்பிடி இலையில் இருப்பதே சில சொட்டுதான், அதிலும் ஒரு பகுதிதான் ஆவியோடு முகத்துக்கு வருகிறது. இலை தானாகவே அளவைக் கட்டிப்போட்டிருந்தது. புட்டி வந்தபோது அந்தக் கட்டு அவிழ்ந்தது. கை தவறிக் கவிழ்ந்தால் அரைக் கிலோ இலை ஒரே மடக்கில் வந்துவிடுகிறது. பாட்டி காலத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: பாட்டி கையாண்டது இலையை.

சரி, இந்தத் தைலம் வேலை செய்கிறதா? செய்கிறது. எப்படிச் செய்கிறது என்பதுதான் சுவையானது. மூக்கு அடைத்திருக்கும்போது முகர்ந்தால் பளிச்சென்று திறந்த மாதிரி இருக்கிறதே, உண்மையில் திறக்கிறதா என்று பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் ரான் எக்கிள்ஸும் சக ஆய்வாளர்களும் அளந்து பார்த்தார்கள். 1983-ல் வெளியான ஆய்வு அது. கற்பூரம், யூகலிப்டஸ், மென்தால் மூன்றின் ஆவியையும் முகரச் செய்து, மூக்கின் வழியே காற்று போவதற்கு உள்ள தடையைக் கருவியால் அளந்தார்கள். தடை குறையவே இல்லை. ஆனால் முகர்ந்தவர்களில் பெரும்பாலானோர், குளிர்ச்சியாக இருக்கிறது, மூச்சு நன்றாக வருகிறது என்றார்கள்.

அப்படியானால் ஏமாற்றா என்று கேட்டுவிடாதீர்கள். நம் தோலிலும் மூக்கின் உட்பரப்பிலும் குளிரை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அவற்றில் குளிர் பட்டால் திறக்கிற ஒரு புரத வாயில் உண்டு. மென்தால் பட்டாலும் அதே வாயில் திறக்கிறது, சினியோல் எனப்படும் யூகலிப்டஸின் முக்கியப் பொருள் பட்டாலும் ஓரளவு திறக்கிறது. இந்த வாயிலை 2002-ல் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டாபூட்டியன் இருவரின் ஆய்வுக்குழுக்களும் தனித்தனியே கண்டறிந்தன. வெப்பத்தையும் தொடுதலையும் உடல் எப்படி உணர்கிறது என்ற ஆராய்ச்சிக்காக 2021-ல் அவர்கள் இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. சளி பிடித்த இரவில் தூங்க முடியாமல் தவிப்பவருக்கு, மூச்சு வருகிறது என்ற உணர்வே பெரிய உதவி. தூங்கிவிடுவார். சளி தன் காலத்தில் தானாகப் போகும். அந்த ஆறுதலை நான் மதிக்கிறேன். ஆனால் தைலம் நம் நரம்பைத் தொட்டு வேலை செய்கிறது என்பதையும் இதிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள். நரம்பைத் தொடும் பொருள் அளவு மீறினால் என்ன செய்யும் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

அளந்து கொடுத்தால் இந்த எண்ணெய்கள் இன்னும் பெரிய வேலையும் செய்கின்றன. ஜெர்மனியில் சினியோலைத் தனியே பிரித்து, 200 மில்லிகிராம் அளவில் உறைக்குள் அடைத்து மருந்தாகக் கொடுக்கிறார்கள். 2003-ல் வந்த ஓர் ஆய்வில், ஸ்டீராய்டு மாத்திரையை நம்பியிருந்த 32 ஆஸ்துமா நோயாளிகள் கலந்துகொண்டார்கள். பாதிப்பேருக்கு நாளைக்கு மூன்று உறை வீதம் 12 வாரம் சினியோல், மீதிப்பேருக்கு வெற்று உறை. சினியோல் எடுத்தவர்கள் ஸ்டீராய்டை 36 சதவீதம் குறைக்க முடிந்தது, மற்றவர்கள் 7 சதவீதம்தான். சிறிய ஆய்வு, ஆனால் ஒழுங்காக நடந்தது. மிளகுக்கீரை எனப்படும் பெப்பர்மின்ட் எண்ணெயை, குடலில் போய்க் கரையும் உறையில் வைத்து, அடிக்கடி வயிற்றைப் பிசையும் குடல் எரிச்சல் நோய்க்கு மருத்துவர்கள் தருகிறார்கள். ஆஸ்திரேலியாவில் 1990-ல் 124 பேரிடம் நடத்திய ஆய்வில், 5 சதவீத டீ ட்ரீ எண்ணெய்க் களிம்பு முகப்பருவுக்கு மெதுவாக ஆனால் நிச்சயமாகப் பலன் தந்தது. கிராம்பு எண்ணெயின் யூஜினால் பல்வலியை மரத்துப்போகச் செய்யும் என்பது உங்களுக்கே தெரியும். பல் மருத்துவர்கள் அதைத் துத்தநாக ஆக்சைடுடன் குழைத்து இன்றும் பயன்படுத்துகிறார்கள். பஞ்சில் ஒரு சொட்டு, வலிக்கிற பல்லில் மட்டும், மருத்துவரிடம் போகும்வரை. பல் சொத்தை அதனால் ஆறாது. அந்த எண்ணெயை ஒரு குழந்தை இரண்டு தேக்கரண்டி விழுங்கினால் கல்லீரலே செயலிழக்கக்கூடும்.

இனி வலித் தைலங்கள். கோடாலித் தைலத்தை 1928-ல் சிங்கப்பூரில் லியுங் யுன் சீ என்ற சீன வணிகர் தொடங்கினார். அதற்கும் முன்னால் 1893-ல் பம்பாயில் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் அமிர்தாஞ்சனைத் தொடங்கி, பிறகு சென்னைக்குக் கொண்டுவந்தார். கடல் கடந்து வேலைக்குப் போன நம் ஆட்கள் ஊர் திரும்பும்போது பெட்டியில் கோடாலித் தைலம் இல்லாமல் வந்ததில்லை. வந்ததும் தெருவுக்கே பங்கு போகும். அந்தப் புட்டியில் அன்பு இருந்தது, நான் அறிவேன். மென்தாலும் யூகலிப்டஸும் கற்பூரமும் மெத்தில் சாலிசிலேட்டும் இருந்தன.

இந்த மெத்தில் சாலிசிலேட்தான் நான் முன்பு சொன்ன விண்டர்கிரீன் எண்ணெயில் ஏறத்தாழ முழுவதுமாக நிறைந்திருப்பது. ஆஸ்பிரினுக்கு நெருங்கிய உறவு. மூட்டுக்குத் தேய்த்தால் சூடாகப் பரவுகிறது, வலி மட்டுப்படுகிறது. ஆனால் கலப்பில்லாத விண்டர்கிரீன் எண்ணெய் ஒரு தேக்கரண்டியில் இருப்பது, பெரியவர்கள் போடும் 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரை இருபதுக்கும் மேற்பட்டதன் வீரியம். ஒரு சின்னக் குழந்தையின் உயிரைப் பறிக்க அது போதும். மலைச் சாலையோரக் கடைகளில் இதை வண்ணப் புட்டிகளில் சாக்லேட்டுக்குப் பக்கத்திலேயே அடுக்கி வைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் என் நெஞ்சு பதைக்கிறது. இதய நோய்க்காக வார்ஃபரின் மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் கவனிக்க வேண்டும்: இந்தத் தைலத்தை முழங்கால் முழுக்கத் தினமும் தேய்த்தால் அது தோல் வழியே உள்ளே போய், ரத்தம் உறையாத தன்மையைக் கூட்டிவிடும். ஈறில் ரத்தம், காரணம் தெரியாத கன்றல் என்று வரும். தேய்த்த இடத்தின் மேல் வெந்நீர்ப் பை வைப்பதும் கூடாது, தோல் வெந்துபோகும்.

குழந்தைகள் விஷயத்துக்கு வருகிறேன். நான் இங்கே வந்ததே இதற்காகத்தான்.

கைக்குழந்தைக்குச் சளி என்றால் தேங்காயெண்ணெயைச் சுட வைத்து, கற்பூரத்தைக் கரைத்து நெஞ்சில் தேய்ப்பது நம் வீடுகளில் பரம்பரையாக வந்த வழக்கம். அதைச் செய்கிற கைகளில் பாசத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. இருந்தாலும் சொல்லியாக வேண்டும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அது வேண்டாம். கற்பூரம் மூளையை நேரடியாகத் தூண்டி வலிப்பை வரவழைக்கும் பொருள். குழந்தையின் தோல் மெல்லியது, உடல் சிறியது. விழுங்கிவிட்டால் ஐந்து, பத்து நிமிடத்திலேயே வலிப்பு தொடங்கலாம். ஒரு கிராம் கற்பூரம் சிறு குழந்தையின் உயிரைக் குடித்திருக்கிறது. பூசைக்கு ஏற்றும் வில்லைகளை எண்ணிப் பாருங்கள், இரண்டு மூன்று வில்லையில் அந்த அளவு வந்துவிடும். வெள்ளையாக, கல்கண்டு போல, கைக்கெட்டும் தட்டில் இருக்கிறது. அமெரிக்காவில் 1980-களிலேயே, மேல்பூச்சு மருந்துகளில் கற்பூரம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று விதி செய்துவிட்டார்கள்.

மென்தால் கலந்த தைலத்தைக் குழந்தையின் மூக்கடியில் தடவுவதும் ஆபத்து. சிசுவின் குரல்வளை அந்தக் காட்டத்தில் இறுகி மூச்சு நின்றுபோகக்கூடும். பிறகு நீலகிரித் தைலம். குழந்தை இரண்டு மூன்று மில்லி விழுங்கினாலே தூக்கக் கலக்கம் வரும். 5 மில்லி போனால் மயக்கமும் வலிப்பும் வரலாம். மரத்தின் தாய்நாட்டிலேயே என்ன நடக்கிறது பாருங்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநில நச்சுத் தகவல் மையத்துக்கு 2014 முதல் 2018 வரை இத்தகைய எண்ணெய்கள் பற்றி 4,412 அழைப்புகள் வந்தன. ஏறத்தாழ பாதி யூகலிப்டஸ் எண்ணெய். பாதிக்கப்பட்டவர்களில் அறுபது சதவீதத்துக்கு மேல் குழந்தைகள். அவர்கள் எல்லோரும் விளையாட்டாக எடுத்துக் குடித்தவர்கள் இல்லை. இருமல் மருந்து என்று நினைத்துப் பெரியவர்களே கரண்டியில் ஊற்றிக் கொடுத்ததும் உண்டு. அரைத் தூக்கத்தில், மங்கிய விளக்கில், இருமல் மருந்துக்குப் பக்கத்திலேயே தைலமும் இருக்கிற அலமாரியில் இது எந்த வீட்டிலும் நடக்கும்.

பெரியவர்களுக்கும் ஒரு விஷயம். பெங்களூரின் நரம்பியல் மருத்துவர்கள் தென்னிந்திய மருத்துவமனைகளில் ஓர் ஆய்வு நடத்தி 2021-ல் வெளியிட்டார்கள். வலிப்பு வந்து சேர்ந்த 350 பெரியவர்களிடம், தைலம் பயன்படுத்தினீர்களா, விழுங்கினீர்களா, முகர்ந்தீர்களா என்று பொறுமையாகக் கேட்டார்கள். 55 பேரின் வலிப்புக்கும் யூகலிப்டஸோ கற்பூரமோ கலந்த பொருளுக்கும் தொடர்பு இருந்தது. அவர்களில் சிலருக்கு அதற்கு முன் வலிப்பே வந்ததில்லை. மற்றவர்கள் மாத்திரையால் நன்றாக இருந்த நோயாளிகள். ஜலதோஷம் என்று தைலம் தேய்த்தார்கள், ஆவி பிடித்தார்கள், நோய் திரும்பி வந்தது. இந்த ஆய்வு இல்லாதிருந்தால் மாத்திரையின் அளவைக் கூட்டியிருப்பார்களே தவிர, தைலத்தைப் பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வலிப்பு நோய்க்கு வைத்தியம் பார்க்கும் குடும்பம் இந்த அவையில் இருந்தால், வீட்டுக்குப் போனதும் அந்தப் புட்டியை எடுத்து வெளியே வையுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் நீங்களாகவே இதைச் சொல்லுங்கள்.

ஆவி பிடிப்பதில் இன்னொரு தொல்லை வெந்நீர். கொதிக்கும் பாத்திரம் கவிழ்ந்து மடியிலும் தொடையிலும் வெந்துபோன குழந்தைகள் எத்தனை! கொரோனா இரண்டாம் அலையில் தெருவுக்குத் தெரு ஆவி பிடிக்கும் குழாய்கள் வைத்தார்கள். 2021 மே மாதம் அப்போதைய தமிழகச் சுகாதார அமைச்சரே பொது இடத்தில் ஆவி பிடிக்க வேண்டாம், தொற்று பரவும் என்று கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. பெரியவர்கள் வீட்டில் பிடிப்பதானால், பாத்திரத்தை இறக்கித் தரையில் நிலையாக வைத்து, கொதி அடங்கியபின் பிடியுங்கள். நொச்சி இலை போதும். தைலம்தான் வேண்டும் என்றால் இரண்டு சொட்டு. ஆஸ்துமா உள்ளவர்களுக்குச் சில சமயம் அந்த வாசனையே மூச்சிரைப்பைக் கிளப்பும். அவர்கள் விலகியிருக்கட்டும்.

தோலில் தேய்க்க அளவு என்ன என்று கேட்பீர்கள். ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் ஏறத்தாழ நூறு சொட்டு. அதில் இரண்டு சொட்டுத் தைலம் கலந்தால் நூற்றுக்கு இரண்டு பங்கு. பெரியவர்களுக்கு அது போதும். முதலில் முழங்கையின் உட்புறம் சிறிது தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள், தடிப்போ எரிச்சலோ வந்தால் விட்டுவிடுங்கள். வாய்வழியாக ஒரு சொட்டும் வேண்டாம். சர்க்கரையில் விட்டு விழுங்குவது, வெந்நீரில் விட்டுக் குடிப்பது இரண்டையும் நிறுத்துங்கள். ஜெர்மன் உறை வேறு, ஜன்னலோரப் புட்டி வேறு. நம் ஓமத் திரவம் தண்ணீர், அதில் ஓமத்தின் எண்ணெய் கரைந்திருப்பது மிகக் கொஞ்சம். ஓம எண்ணெயை அந்தக் கணக்கில் கொடுத்துவிடாதீர்கள். லாவெண்டர் எண்ணெய் சர்க்கரை நோயை விரட்டும், சாம்பிராணி எண்ணெய் புற்றுநோயைக் கரைக்கும் என்று விற்பவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள். அவர்கள் உங்கள் பணத்தை மட்டும் எடுத்துக்கொண்டால்கூடப் பொறுக்கலாம், சிகிச்சைக்கு உரிய காலத்தையும் எடுத்துக்கொள்கிறார்கள்.

குழந்தை இந்த எண்ணெய்களில் எதையாவது விழுங்கிவிட்டது என்று தெரிந்தால், வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. தொண்டையில் விரல் விடாதீர்கள், உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். மேலே ஏறும் எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் விழுங்கியதைவிடப் பெரிய ஆபத்து. வாயைத் துடைத்துவிட்டு, 108-ஐ அழைத்து, புட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். குழந்தை நன்றாகத்தானே விளையாடுகிறது என்று காத்திருக்க வேண்டாம். சில சமயம் அரை மணிக்குள் மயக்கம் வரும், சில சமயம் சில மணி நேரம் கழித்து வரும். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவுங்கள்.

தைலம் காய்ச்சுகிறவர்களிடமும் விற்கிறவர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள். இந்தத் தொழில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது, சீனாவிலிருந்து வரும் மலிவான எண்ணெய்க்கு நடுவில் அது தாக்குப்பிடிப்பதே கஷ்டம் என்று தெரியும். அந்தக் கஷ்டத்திலும் இதைச் செய்யுங்கள். புட்டியின் வாயில், கவிழ்த்தாலும் சொட்டுச் சொட்டாகவே விழும் ஒரு பிளாஸ்டிக் அடைப்பான் வையுங்கள். சில நிறுவனங்கள் ஏற்கெனவே வைக்கின்றன, விலை அதிகமில்லை. குழந்தை திருகினால் திறக்காத, அழுத்தித் திருக வேண்டிய மூடியும் கிடைக்கிறது. பழைய இருமல் மருந்துப் புட்டிகளில் தைலத்தை நிரப்பி விற்கவே விற்காதீர்கள். பெயர்ச்சீட்டில் தமிழில், கண்ணாடி போடாத பாட்டிக்கும் தெரிகிற எழுத்தில், மூன்று வரி அச்சிடுங்கள்: விழுங்கக் கூடாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்களுக்குக் கூடாது.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். வீட்டிலிருந்து புட்டி கொண்டுவந்திருப்பவர்கள் முன்னால் வாருங்கள், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சேர்ந்து படிப்போம்.